ஒருதபாவும் நாற்பது காட்டேஜும்

யாழினி, கவின், இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

நேற்று கவின் இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி கேட்டான். "ஒரே வரியத்தானேப்பா திருப்பித் திருப்பி எழுதறேன். கம்ப்யூட்டர்ல போட்டா டக்குனு வந்துடும்ல?" நான் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். "இன்னாத்துக்குப்பா சிரிக்கிற?" என்று யாழினி பின்னாலேயே வந்தாள். வாயால் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடிக்கும், கரண்ட் போகும், உங்கள் அம்மா கூப்பிடுவாள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

மாமல்லபுரம் கடலோரத்தில் தொடங்கி ஜி.எஸ்.டி. ரோடு வரை சல்லடை போட்டுத் தேடினாலும், எந்த வேலையையும் இரண்டாவது முறை கையால் செய்யாத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் பெயர் ஒருதபா. தபா என்றால் தடவை. உங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் எடுத்து உபயோகித்ததில்லை. "ஒரு தபாதான் கையில பண்ணுவேன், அடுத்த தபா மெஷின் பண்ணும்" என்று அவர் எதற்கெடுத்தாலும் சொன்னதால் ஆபீஸே அவரை ஒருதபா என்று கூப்பிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் பல தபா சொல்வார். அதை அவரிடம் சுட்டிக்காட்டும் தைரியம் யாருக்கும் இல்லை.

நான் பிளஸ் டூவோடு நின்றவன். கொஞ்சம் டைப்பிங் தெரியும். கூடுவாஞ்சேரியில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையை மூடியபோது யாழினி எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள், கவின் அம்மா வயிற்றில் இருந்தான். அப்போதுதான் நாவலூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். டிகிரி இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். காப்பி எடுத்து ஒட்டும் வேலை.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி புதிதாக ஒரு ரிசார்ட் வரப்போகிறது, அதில் நாற்பது காட்டேஜ். ஒவ்வொரு காட்டேஜ் சுவரிலும் ஒரு டேப்லெட் மாட்டுவார்கள். டீ வேண்டுமா, அதைத் தொடலாம். துண்டு வேண்டுமா, தொடலாம். ஏசி, விளக்கு, எல்லாம் அதிலேயே. ஒரு காட்டேஜுக்கு ஒரு ஃபைல். அந்த ஃபைல் நிறைய புரோகிராம் வரிகள். நாற்பதும் ஒரே மாதிரிதான், காட்டேஜ் நம்பர் மட்டும் மாறும். ஒரு காட்டேஜின் வரிகளைக் காப்பி எடுத்து, அடுத்த ஃபைலில் ஒட்டி, நம்பரை மாற்றி, மறுபடி காப்பி எடுத்து ஒட்ட வேண்டும். அதற்குத்தான் நான்.

முதலாளியம்மா கோயம்புத்தூர் பக்கம். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். திட்டினாலும் மரியாதை குறையாது. "நீங்க ஒரு சரியான சோம்பேறிங்க" என்று அவர் சொன்னால், திட்டு வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, டீ குடிக்கும்போதுதான் யோசிக்க ஆரம்பிப்பார். என்னிடம் அவர் பளிச்சென்று சொல்லிவிட்டார்.

"இந்த நாப்பது காட்டேஜ் வேலை முடியற வரைக்கும் இருங்க. ரிசார்ட்காரங்க நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னா நிரந்தரமா வெச்சுக்கறேனுங்க. இல்லீன்னா நீங்க வேற எடம் பாத்துக்கோணும். சரிங்களா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஊரப்பாக்கத்தில் அப்போதுதான் வீடு மாறியிருந்தோம்.

முதல் நாள் நான் காப்பி எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. திரும்பினால் குள்ளமாக, கண்ணாடி போட்டு, தன்னுடைய கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர்.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"காப்பி பேஸ்ட்டுண்ணா."

"எத்தினி?"

"நாப்பதுண்ணா."

அவர் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவுச் செய்தி கேட்டவர் மாதிரி என் திரையையே பார்த்தார். பிறகு, "உன்னக் கண்ணாலம் பண்ணிக்கினவங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் மவுஸைத் தொடமாட்டார். அவருடைய மவுஸ், ஃபேன் காற்றில் பறக்கும் காகிதங்களின் மேல் பாரமாக உட்கார்ந்திருக்கும். அவர் திறப்பது கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள் மட்டும் தெரிகிற ஒரு எடிட்டர். நம் நோட்பேட் மாதிரிதான், ஆனால் அதற்குச் சொல்பேச்சு கேட்கத் தெரியும். "நான் இப்ப அமுக்கற கீயையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கோ" என்றால் வைத்துக்கொள்ளும். "அதையே இன்னும் முப்பது தபா பண்ணு" என்றால் பண்ணும். அதற்கும் அடங்காத வேலை என்றால் அந்த எடிட்டருக்குள்ளேயே குட்டியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவார். இதை எடு, அதை மாற்று, இத்தனை ஃபைல் பண்ணு. பட்டனைத் தட்டினால் திரையில் வரிகள் மழை மாதிரி கொட்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டு விசேஷத்தில் பந்தி நடப்பதைப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் ஆபீஸோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு நல்ல புரோகிராமர் என்று சொல்லி முடித்துவிடலாம். அவர் நிறுத்தவில்லை.

ஆபீஸுக்குக் கீழே டீக்கடை. வேலையில் சேர்ந்த அன்று அங்கே போய், "தெனம் பதினோரு மணிக்கு ஒரு டீ, சக்கர கம்மி" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு டீ கேட்டதே கிடையாது. போய் நிற்பார், டீ வரும். ஒரு நாள் மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார், புது மாஸ்டர் வந்திருந்தார். ஒருதபா போய் நின்றார். புது மாஸ்டர் அவரைப் பார்த்தார். அவர் மாஸ்டரைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. நான்தான் பொறுக்க முடியாமல், "புது ஆளுண்ணா, சொன்னாத்தானே தெரியும்" என்றேன்.

"நான் கடைகிட்ட சொல்லிட்டேன். மாஸ்டர்கிட்ட சொல்லல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமலே மேலே ஏறிவிட்டார்.

லீவ் லெட்டர் விஷயத்தில் இன்னும் கொடுமை. சொந்தக்காரர்கள் பெயரை ஒரு வரிசையாகவும் காரணங்களை இன்னொரு வரிசையாகவும் போட்டு, இரண்டையும் சேர்த்து லெட்டர் தயாரிக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தார். ஒரு நாள் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங், உங்க பெரியப்பா எப்படி இருக்காருங்க?"

"நல்லா கீறாருங்கம்மா."

"கொழந்தை?"

"எந்தக் கொழந்தைங்கம்மா?"

"அவருக்குப் பிரசவம்னுதானுங்களே போன வாரம் லீவு எடுத்தீங்க."

ஒருதபா கொஞ்சமும் கலங்கவில்லை. "லிஸ்ட்ல சின்ன மிஸ்டேக்குங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே ஸ்கிரிப்டைத் திருத்தினார். அடுத்த மாதம் அவருடைய சித்திக்குப் புரோஸ்டேட் ஆபரேஷன் நடந்தது.

அவர் அம்மா செங்கல்பட்டில் இருந்தார். மகன் சாப்பிட்டானா என்று தினமும் மதியம் வாட்ஸ்அப்பில் கேட்பார். அந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து எது வந்தாலும் "சாப்டேம்மா" என்று பதில் போகும்படி ஒருதபா ஏற்பாடு செய்துவிட்டார். பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் அந்த அம்மா கேட்டது வேறு: "கேஸ் சிலிண்டர் வந்துச்சாடா?"

"சாப்டேம்மா."

"டேய், சிலிண்டர்டா."

"சாப்டேம்மா."

பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அந்த அம்மா பதறிப்போய், இரண்டு பஸ் மாறி நாவலூருக்கே வந்துவிட்டார். ரிசப்ஷனில் நின்று அவர் போட்ட சத்தம் எங்கள் மாடி வரைக்கும் கேட்டது. "யம்மா, எம்புள்ள சிலிண்டர சாப்டேன்றாம்மா! கொஞ்சம் கூப்புடுங்களேன்!"

இப்படிப்பட்ட மனிதர்தான் என் பக்கத்து மேஜைக்கு வந்து சேர்ந்தார். நான் மூன்று நாள் உட்கார்ந்து செய்ததைப் பார்த்துவிட்டு, "நவுரு நைனா, மொத்தத்தையும் டீ ஆர்றதுக்குள்ள முடிச்சுத் தரேன்" என்றார்.

நான் கீபோர்டை விடவில்லை.

"வாணாண்ணா."

"ஏன்டா?"

"நீ டீ ஆர்றதுக்குள்ள முடிச்சிட்டீன்னா, அப்பால எனக்கு இன்னா வேலை? அம்மா என்னைச் சேர்த்ததே இதுக்குத்தான்."

வீட்டில் இரண்டாவது பிள்ளை வரப்போவதையும் சொன்னேன். ஒருதபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதற்கு அவரிடம் ஸ்கிரிப்ட் எதுவும் இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எழுந்து நேராக முதலாளியம்மா அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது.

"நாப்பதையும் மெஷின் பண்ணிடுங்கம்மா. ஆனா மெஷின் பண்ணத பாக்கறதுக்கு மனுசன் ஒருத்தன் வோணும். அந்தப் பையனைச் செக்கிங்ல போடுங்க."

இப்படியாக நான் காப்பி பேஸ்டிலிருந்து செக்கிங்குக்குப் பதவி உயர்ந்தேன். சம்பளம் அதேதான். ஆனால் அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் "செக்கிங்" என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரிதான் இருந்தது.

ஒருதபா வேலையை ஆரம்பித்தார். நான் ஒட்டி வைத்ததை ஒதுக்கிவிட்டு, மாதிரிக்கு ஒரு காட்டேஜைப் புதிதாகக் கையால் எழுத வேண்டும் என்றார். நாங்கள் ரிசார்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போன அன்று 24ஆம் காட்டேஜில்தான் பெயிண்ட் காய்ந்திருந்தது. அதனால் 24ஐயே மாதிரியாக எழுதினார். பிறகு ஸ்கிரிப்ட். இந்த ஃபைலில் 24 என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்தந்தக் காட்டேஜ் நம்பரைப் போடு. ஒன்றிலிருந்து நாற்பது வரைக்கும் தனித்தனி ஃபைலாகச் சேமித்து வை. அவ்வளவுதான். தட்டினார். கொட்டியது. டீ ஆறவில்லை.

"ஒரு தபா படிச்சுப் பாத்துடறியாண்ணா?" என்றேன்.

"எழுதனப்பவே படிச்சுக்கினுதானேடா எழுதனேன்? மறுக்கா இன்னாத்துக்கு?"

செக்கிங் என்னுடையது. நாற்பது காட்டேஜையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நம்பர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஒருதபா எனக்குச் சொல்லியிருந்தார். வந்திருந்தது. காட்டேஜ் 7ஐத் திறந்தால் மேலே 7, நடுவில் 7, கீழேயும் 7. பொருந்துகிறது, டிக். காட்டேஜ் 38ஐத் திறந்தால் மேலே 38, நடுவில் 38, கீழேயும் 38. பொருந்துகிறது, டிக். ஒரு இடத்தில்கூட நம்பர் இடிக்கவில்லை. இவ்வளவு ஒழுங்கான வேலையை நான் பார்த்ததே இல்லை.

ரிசார்ட் திறந்தார்கள். முதல் சனி ஞாயிறே நாற்பது காட்டேஜும் நிறைந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளியம்மா போன் பண்ணினார். குரலில் மரியாதை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

"உடனே கெளம்பி வாங்க. கேளம்பாக்கத்துல நில்லுங்க, கார்ல கூட்டிக்கறேன். அவரும் வர்றாருங்க."

அவர் என்றால் ஒருதபா. கோவளம் தாண்டிக் கடல் தெரிந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

ரிசார்ட் வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். கோட்டு போட்டிருந்தார், கழுத்தில் டை இல்லை. கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"மேடம், மூணாம் நம்பர்ல ஒரு குடும்பம் ஜன்னல் கர்ட்டனக் கழட்டிப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கு. முப்பத்தொம்பதுல ஒருத்தர் பனியனோட வெளிய வந்து கார்ல ஏசி போட்டுத் தூங்கறார். என்ன மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

ஒருதபா ஓடிப்போய்ச் சுவரில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

விஷயம் இதுதான், பிள்ளைகளே. கதவைத் திறந்ததும் ஏசி 24 டிகிரியில் ஓட வேண்டும் என்று மாதிரி ஃபைலில் எழுதியிருந்தார். ஸ்கிரிப்ட் அந்த 24ஐயும் காட்டேஜ் நம்பர் என்றே நினைத்துவிட்டது. மூன்றாம் காட்டேஜுக்கு 3 டிகிரி. முப்பத்தொன்பதுக்கு 39 டிகிரி. ஏசி 16க்குக் கீழே போகாது, 30க்கு மேலே ஏறாது என்பதால்தான் யாரும் உறையவும் இல்லை, வேகவும் இல்லை. விருந்தாளிகள் மாற்றி வைத்தாலும், கதவைத் திறந்து மூடினால் மறுபடி பழைய கதை. நடுவில் இருந்த இருபது, இருபத்தைந்து நம்பர்காரர்கள் மட்டும் எதுவும் தெரியாமல் சுகமாகத் தூங்கியிருக்கிறார்கள்.

அது மட்டுமா? திரைக்குக் கீழே "24 மணி நேர சேவை" என்று ஒரு வரி இருந்தது. ஒன்றாம் காட்டேஜில் அது "1 மணி நேர சேவை" ஆகியிருந்தது. அங்கே தங்கியிருந்தவர்கள் பயந்துபோய், வந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வேளைச் சாப்பாட்டையும் வரவழைத்து வைத்துக்கொண்டார்களாம். 38ஆம் காட்டேஜில் ஒரு பெரியவர் மேனேஜரைக் கூப்பிட்டு, "ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு மணி நேரம்னு போட்டிருக்கே, எனக்கு வரவேண்டிய மீதி பதினாலு மணி நேரத்தை எப்பத் தரப் போறீங்க?" என்று விசாரித்திருக்கிறார்.

நான் மேலே 7, நடுவில் 7, கீழே 7 என்று டிக் போட்டதன் அர்த்தம் எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. நடுவில் இருந்தது ஏசி. கீழே இருந்தது சேவை.

ஒருதபா அங்கேயே ஒரு சோபாவில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்து ஸ்கிரிப்டைத் திருத்தினார். தட்டினார். நாற்பது காட்டேஜும் 24 டிகிரிக்கு வந்தன. மெஷின் விஷயம் அத்தோடு முடிந்தது. மனிதர்கள் விஷயம் அப்போதுதான் ஆரம்பித்தது.

"இத யாரு செக் பண்ணது?" என்று மேனேஜர் கேட்டார்.

முதலாளியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதானுங்களே?"

"ஆமாங்கம்மா. மேல கீழ எல்லாம் பொருந்துச்சுங்கம்மா."

மேனேஜர் கையில் இருந்த டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மேடம், சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. இந்த ஆளு உங்ககிட்ட இருந்தா எங்களுக்கு உங்க கம்பெனியே வேணாம்."

முதலாளியம்மா என்னிடம், அதே மரியாதையோடு, "நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார்.

எனக்குக் காதில் கடல் சத்தம் மட்டும் கேட்டது. உங்கள் அம்மாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தேன்.

"தப்பு என்னுதுங்கம்மா" என்றார் ஒருதபா.

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இப்போதுதான் கண்ணெதிரே நாற்பதையும் ஒரு தட்டில் சரி பண்ணியவர். "சார், நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க. பண்ணது இவருதான்" என்றார். முதலாளியம்மாவும், "நீங்க சும்மா இருங்க. ஆளைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லாதீங்க" என்றார்.

நான் ஒருதபாவைப் பார்த்தேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லாத மனிதர். டீ கேட்காமல் வெயிலில் நின்றவர். முடிந்தது என்று நினைத்தேன்.

"தப்பு என்னுது" என்றார் மறுபடியும். மேனேஜர் வாயைத் திறந்தார். "தப்பு என்னுது சார். அவன் படிச்சுப் பாருன்னு சொன்னான். நான்தான் படிக்கல. நம்பரப் பாருன்னு சொன்னேன், அவன் நம்பரப் பாத்தான். எங்க நம்பர் இருக்கணும், எங்க இருக்கக் கூடாதுன்னு அவனுக்கு நான் சொல்லவே இல்ல. தப்பு என்னுது."

மேனேஜர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா மறுபடி ஏதோ சொல்ல வந்தார். ஒருதபா அதற்குள் இன்னொரு தபா சொன்னார். அவர் குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. நம்புகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் நம்பினார்கள்.

மேனேஜர் கொஞ்சம் தணிந்தார். "சரி, கெஸ்ட்டுங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"அது சுலபமுங்க" என்றார் முதலாளியம்மா ஒருதபாவிடம். "மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு மெசேஜ் எழுதி, நாப்பது டேப்லெட்டுக்கும் ஒரே தட்டுல போட்டுடுங்க. உங்களுக்கு அது ஒரு நொடி வேலைதானுங்களே?"

"வாணாங்கம்மா. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார்.

நானும் பின்னாலேயே போனேன். ஒன்றாம் காட்டேஜில் ஆரம்பித்தார். கதவைத் தட்டுவார், செருப்பை வெளியே விடுவார், நடந்ததைச் சொல்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி, வயதானவர்கள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து. நல்ல வெயில், மணல் சுட்டது. பத்துப் பதினைந்து கதவு தாண்டியதும் நான் சொன்னேன், "ஒரே மாதிரி நாலு வரி வெச்சுக்கினு சொல்லிக்கினே போலாமேண்ணா? சீக்கிரம் முடியும்."

"நம்பர மட்டும் மாத்திப் போட்டா இன்னா ஆவும்னு இப்பத்தானேடா பாத்த?" என்றார்.

மூன்றாம் காட்டேஜ் அம்மா கூடுவாஞ்சேரிக்காரர். "தம்பி, நீ இன்னாத்துக்கு மன்னிப்புலாம் கேக்கற? கண்ணாலம் ஆன இத்தினி வருசத்துல எங்க வூட்டுக்காரரு ராத்திரிதான் மொதத் தபாவா தன் போர்வைய எடுத்து எம்மேல போத்துனாரு. ஊருக்குப் போறதுக்குள்ள இன்னொரு நாளு அப்டியே வெச்சுடு" என்றார். உள்ளே இருந்து அந்த வீட்டுக்காரர் இருமினார்.

38ஆம் காட்டேஜ் பெரியவர்தான் விடவில்லை. பதினாலு மணி நேரம் பாக்கி, உட்கார் என்றார். மூவரும் உட்கார்ந்தோம். இந்தத் தப்பு எப்படி வந்தது என்று முதலிலிருந்து கேட்டார். ஒருதபா சொன்னார். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பாத்ரூமிலிருந்த மனைவியைக் கூப்பிட்டு, "இவளுக்கும் ஒருதரம் சொல்லுப்பா" என்றார். நான் ஒருதபாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார்.

நாற்பதாவது கதவில் அவருக்குக் குரல் கம்மிவிட்டது. ஆனாலும் ஒரு வார்த்தையைக்கூட அவர் சுருக்கவில்லை.

ரிசார்ட்காரர்கள் எங்கள் கம்பெனியை வைத்துக்கொண்டார்கள். என் வேலையும் தப்பியது. அடுத்த மாதம் நிரந்தரமும் ஆனது. அதே வாரத்தில்தான் கவின் பிறந்தான். ஆனால் தப்புப் பண்ணியவர் இந்த வேலையில் இருக்கக் கூடாது என்பதில் மேனேஜர் மாறவில்லை. அந்தச் சின்ன கம்பெனியில் அந்த வேலையை விட்டால் வேறு பெரிய வேலையும் இல்லை. கவின் பிறப்பதற்கு முன்பே, அந்த ஞாயிறு கழிந்த மூன்றாம் நாள், முதலாளியம்மா ஒருதபாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்தபோது அவருக்குத்தான் கண் சிவந்திருந்தது, ஒருதபாவுக்கு இல்லை.

கடைசி நாள் அவர் மேஜையைக் காலி பண்ண எனக்குத் தெரிந்து ஒரு கைப்பைகூடத் தேவைப்படவில்லை. கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். என்னால்தானே என்று நான் ஏதோ பேச ஆரம்பித்தேன்.

"போடா, பேஜாரு பண்ணாத. அங்க சம்பளம் ஜாஸ்தி" என்றார். சம்பளம் ஜாஸ்தியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படியில் இறங்கும்போது, "பொறக்கற புள்ளைக்கு நல்ல பேரா வையி. என்னை மாதிரி பட்டப் பேர்ல கூப்புடாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். நேராக வீட்டுக்கு வரவில்லை. ஒரு ஓரமாக நின்று போனை எடுத்தேன். என் போனில் வெளியாட்கள் எல்லார் பெயரோடும் ஒரு வால் இருக்கும், உங்களுக்குத் தெரியும்: ரவி பிளம்பர், மேரி டீச்சர், சேகர் தண்ணி லாரி. யார் எதற்கு என்று மறக்காமல் இருக்க அப்படிப் போட்டு வைப்பேன். நம் வீட்டு ஆட்களுக்கு மட்டும் வால் கிடையாது. அவர் பெயர் "ஒருதபா ஆபீஸ்" என்று இருந்தது.

பின்னால் இருந்த ஆபீஸை அழித்துவிட்டு, சேமித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.